அழிக்கப்பட்ட ஒரு வரி

மூன்று மாதத்துக்கு முந்தைய ஓர் அட்டவணை எனக்குத் தேவைப்பட்டது. ஆவணத்திலிருந்து யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் டீமில் எல்லாரும் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் அது. வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். யார் எதைச் சேர்த்தார்கள், யார் எதை நீக்கினார்கள் என்று ஆளுக்கொரு நிறத்தில் காட்டும் பக்கம் அது. அட்டவணை கிடைப்பதற்கு முன்னால் பச்சை நிறத்தில் ஒரு வரி கிடைத்தது. அதன் குறுக்கே கோடு போட்டிருந்தது. “வராதவங்க நிறைய பேர் மறக்கலை. வர முடியாதுன்னு சொல்ல வழி தெரியாமத்தான் பேசாம இருந்துடறாங்க.” எழுதிய நேரம் காலை 10:42. அதற்கு இரண்டு நிமிடம் கழித்து, பக்கத்தின் உச்சியில், எங்கள் மேலாளர் நீல நிறத்தில் எழுதியிருந்தார்: “நினைவூட்டல் எஸ்எம்எஸ்களைக் கூட்டுவதுதான் சரியான வழி என்று படுகிறது. மற்றவர்களும் சேருங்கள்.” 10:47-க்குப் பச்சை வரி அழிக்கப்பட்டிருக்கிறது. எழுதியவரே அழித்திருக்கிறார்.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான முன்பதிவு மென்பொருள். அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களைக் குறைப்பது எப்படி என்று ஒன்பது பேர் வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு, அதே நேரத்தில் அந்த ஆவணத்திலும் எழுதிக்கொண்டிருந்த நாள் அது. அன்று நல்ல மீட்டிங் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. நிறைய எழுதினோம். எஸ்எம்எஸ் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த மொழியில் போக வேண்டும், மருத்துவர் பெயர் முதலில் வர வேண்டுமா கடைசியிலா என்றெல்லாம் யோசனைகள் குவிந்தன. இரண்டாக இருந்த நினைவூட்டலை நான்காக்கினோம். வராதவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. தொல்லையாக இருக்கிறது என்ற புகார்கள்தான் கூடின. ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கான விடை ஐந்து நிமிடம் எங்கள் கண்முன்னால் அந்த ஆவணத்திலேயே இருந்திருக்கிறது. ஒன்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பச்சை நிறம் யாருடையது என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் இளம் சக ஊழியர். நாள் முழுவதும் நோயாளிகளோடும் மருத்துவமனை வரவேற்பறைகளோடும் பேசுகிறவர். ஆக, ஒன்பது பேரில் அந்தக் கேள்வியை உண்மையிலேயே அறிந்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு முதலில் நினைவே வரவில்லை. அப்புறம் சொன்னார்: “ஆமாங்க்கா, எழுதினேன். எல்லாரும் எஸ்எம்எஸ் பத்தியே எழுதிட்டிருந்தாங்க. நான் மட்டும் கேள்வியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டேனோன்னு ஆயிடுச்சு.” யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். “சொல்லலைதான். ஆனா எல்லாரோட கர்சரும் அங்கேயே நின்னுச்சுக்கா.”

எல்லாரோட கர்சரும் அங்கேயே நின்னுச்சு. இந்த ஒரு வாக்கியத்தைப் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். ஆன்லைனில் சேர்ந்து வேலை செய்தால் எல்லாருடைய குரலும் வந்து சேரும், புதிய யோசனைகள் பிறக்கும் என்று நம்புகிறவள் நான். இன்றும் அந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால் அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு குரல் பிறந்து, ஐந்து நிமிடம் மூச்சுவிட்டு, செத்துப்போயிருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

ஒரே நேரத்தில் ஒரு வாய்

கூடி யோசித்தால் அதிகம் யோசிக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு பெயரும் விதிமுறைகளும் கொடுத்தவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். பிரெய்ன்ஸ்டார்மிங் என்ற சொல் அவரால்தான் உலகமெங்கும் போனது. குறை சொல்லாதே, எண்ணிக்கை முக்கியம், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்பவை அவருடைய விதிகள். சராசரி மனிதர் தனியாக யோசிப்பதைப் போல இரண்டு மடங்கு யோசனைகளைக் குழுவில் சொல்வார் என்று அவர் எழுதினார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்த குழுக்களையும், தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். விடை தலைகீழாக வந்தது. தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்துதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் வந்திருந்தன.

ஏன் என்பதற்கு 1987-இல் ஜெர்மனியில் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஷ்ட்ரோப என்ற இரு உளவியலாளர்கள் கண்ட விடை மிக எளிமையானது. சோம்பலோ கூச்சமோ கூட அதற்கு அடுத்தபடிதான். பெரிய காரணம், ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் யோசனையைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பாதி மறந்துபோகும், மீதி ‘இது இப்போது பொருந்தாது’ என்று உள்ளேயே அமுங்கிப்போகும், புதிதாக ஒன்றும் முளைக்காது. வீடியோ காலில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கி, ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல நீங்க சொல்லுங்க’ என்று விட்டுக்கொடுத்து, கடைசியில் இரண்டு யோசனையும் காணாமல் போகும்.

கணினி உள்ளே நுழைந்தது இந்த இடத்தில்தான். ஆளுக்கொரு திரையில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில், வாயால் பேசும் குழு பெரிதாகப் பெரிதாக ஆளுக்கு வரும் யோசனைகள் குறைந்துகொண்டே போயின. தட்டச்சு செய்யும் குழுவில் ஆட்கள் கூடக் கூட யோசனைகளும் கூடின. அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் யார் எழுதியது என்பது திரையில் தெரியாது. இந்தக் கடைசிச் செய்தியை நான் முன்பு படித்தபோது கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் கருவிகளில் இதற்கு நேர் எதிரானதுதான் இருக்கிறது. யார் எழுதுகிறார், எந்த எழுத்தில் நிற்கிறார், எதை அழிக்கிறார் என்பதெல்லாம் பெயரோடும் நிறத்தோடும் அந்த நொடியிலேயே தெரிகிறது. காத்திருக்கும் தொல்லையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் பார்க்கப்படும் தொல்லையைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

நேரில் உட்கார்ந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையிலும் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2022-இல் மெலனி ப்ரக்ஸ், ஜோனதன் லெவாவ் இருவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், 602 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, பாதிப் பேரை ஒரே அறையிலும் பாதிப் பேரை வீடியோவிலும் உட்காரவைத்து, ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். வீடியோவில் இருந்தவர்கள் சொன்ன யோசனைகள் குறைவு. ஐந்து நாடுகளில் சுமார் 1,490 பொறியாளர்களிடம் பார்த்தபோதும் இதே முடிவு. கண் எங்கே போகிறது என்று அளந்து பார்த்ததில் காரணமும் கிடைத்தது. வீடியோவில் கண் திரையில் இருக்கும் முகத்தையே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அறையில் அது அங்கே இங்கே அலைகிறது, எண்ணமும் கூடவே அலைகிறது. ஆனால் கிடைத்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோக்காரர்கள் எந்த விதத்திலும் குறையவில்லை. இதைப் படித்ததும் பலர், பார்த்தீர்களா, எல்லாரும் அலுவலகத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்றார்கள். எனக்கு வேறொன்று பட்டது. யோசிக்கிற வேலையையும் தேர்ந்தெடுக்கிற வேலையையும் ஒரே வீடியோ காலுக்குள் திணித்துவைத்திருக்கிறோம். இரண்டாவது அங்கே நன்றாகவே நடக்கிறது. முதலாவதுக்குத்தான் அது இடமில்லை.

இரண்டு நாள் பேச்சில்லாமல்

மேலாளரிடம் அந்தப் பச்சை வரியைக் காட்டினேன். எழுதியவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் காட்டினேன். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் எழுதினது ஒரு யோசனைதானே, உத்தரவு இல்லையே” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவர் யாரையும் வாயடைக்க நினைக்கிறவர் இல்லை. ஆனால் மேலே இருப்பவர் முதலில் எழுதினால் அந்த யோசனை சுவராகிவிடுகிறது, மற்றவர்கள் அதில் சுண்ணாம்பு பூசத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “சரி, அதே கேள்வியைத் திரும்ப எடுப்போம். இந்தத் தடவை நான் கடைசியா எழுதறேன்.”

இப்படிச் செய்தோம். இரண்டு நாள் மீட்டிங் கிடையாது. ஒன்பது பேரும் தனித்தனியாக எழுதி ஒரு படிவத்தில் போட வேண்டும். யார் எழுதியதும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காலை நான் எல்லாவற்றையும் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு, ஒரே ஆவணத்தில் சேர்த்தேன். உள்நுழையாமலே திறந்து எழுதக்கூடிய இணைப்பை அனுப்பினேன். அந்த நாள் முழுவதும் படிப்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுவதற்கும். நான்காம் நாள்தான் கால், அதுவும் அரை மணி நேரம்.

31 குறிப்புகள் வந்திருந்தன. போன முறை ஒரு மணி நேர மீட்டிங்கில் வந்ததைவிட எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் போன முறை வந்தவை எல்லாம் எஸ்எம்எஸ் என்ற ஒரே கிளையில் தொங்கியவை. இவை எங்கெங்கிருந்தோ வந்திருந்தன. 7-ஆம் எண்ணில் பச்சை வரி திரும்ப வந்திருந்தது, இந்த முறை நீளமாக: போன வாரம் பேசிய மூன்று நோயாளிகள் என்ன சொன்னார்கள், வர முடியாது என்று சொல்ல வரவேற்பறைக்கு எத்தனை தடவை போன் செய்தார்கள், எத்தனை தடவை யாரும் எடுக்கவில்லை என்று. 19-ஆம் எண்ணில் மென்பொருளைச் சோதிக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: ரத்து செய்யும் பொத்தான் இருக்கிறது, ஆனால் அதை அடைய பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற நோயாளிக்குப் பாஸ்வேர்டு எங்கே நினைவிருக்கும்? 26-ஆம் எண் இரண்டே வரி. காலியாகும் நேரங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காலியானது தெரிவதில்லை.

அன்றிரவு பதினொன்றரை மணி இருக்கும், ஆவணத்தைக் கடைசியாக ஒரு முறை திறந்தேன். 7-ஆம் எண்ணுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: “அப்படின்னா 7, 19, 26 மூணையும் சேர்த்தா?” அவ்வளவுதான். அதற்குக் கீழே வேறொருவர்: எஸ்எம்எஸ்ஸிலேயே ஓர் இணைப்பு, பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு தட்டு, ரத்து. அதற்குக் கீழே இன்னொருவர்: ரத்தான நேரம் அந்த நிமிடமே காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குப் போகட்டும். வரிகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக முளைத்திருந்த அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த யோசனை யாருடையது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு துண்டு செதுக்கியிருக்கிறார்கள். நாலாவது ஆள் ஒருவர் துண்டுகள் பொருந்துவதைப் பார்த்திருக்கிறார். அவர் ஒரு துண்டுகூடச் செய்யாதவராக இருக்கலாம். குழு யோசிக்கிறது என்று நாம் வாய்வார்த்தையாகச் சொல்வோமே, அது நடப்பதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஜெஸ்ஸி ஷோரும் டேவிட் லேசரும் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அப்புறம்தான் தேடிப் படித்தேன். பல ஊர்களுக்கும் ஒரு முறை போய்த் திரும்ப மிகக் குறைந்த தூரமுள்ள வழி எது என்ற பழைய கணக்குப் புதிரை மூவர் மூவராகக் கொடுத்தார்கள். சில குழுக்களில் மூவரும் ஒருவர் விடையை ஒருவர் பார்க்கவே முடியாது. சில குழுக்களில் எப்போதும் பார்க்கலாம். சில குழுக்களில் விட்டுவிட்டுத்தான் பார்க்கலாம். பார்க்கவே முடியாதவர்களிடம் விடைகள் பலவிதமாக இருந்தன, மிகச் சிறந்த விடையும் அங்கே அவ்வப்போது பிறந்தது, ஆனால் சராசரி மோசம். எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சராசரி உயர்ந்தது, ஆனால் எல்லாரும் ஒரே விடையை நோக்கிச் சரிந்ததில் மிகச் சிறந்தது கிடைப்பது அரிதானது. விட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன. இன்னொன்றும் அதில் இருந்தது. விட்டுவிட்டுப் பார்த்த குழுக்களில், நன்றாகச் செய்கிறவர்கள் சுமாராகச் செய்கிறவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டார்கள். எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தால் சுமாரானவர் சட்டென்று சிறந்தவரைப் பார்த்து எழுதிவிடுகிறார், அவரிடமிருந்து எடுக்க அப்புறம் எதுவும் மிஞ்சுவதில்லை. நடுவே ஓர் இடைவெளி இருந்தால்தான் அவர் தன் தனித்தன்மையோடு வந்து சேர்கிறார். பச்சை வரியை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எதிராக நிற்கும் ஒன்று

மறைத்து எழுதுவதும் பிரிந்து யோசிப்பதும்தான் எல்லா இடத்துக்கும் மருந்து என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பாலிமத் என்ற கதை என்னை விடாது. 2009 ஜனவரியில் டிமதி கவர்ஸ் என்ற கணிதவியலாளர், கடினமான ஒரு கணிதச் சிக்கலை இணையத்தில் எல்லாரும் பார்க்க, யார் வேண்டுமானாலும் சேர்ந்து தீர்க்க முடியுமா என்று கேட்டார். ஹேல்ஸ்–ஜூவெட் தேற்றத்தின் ஒரு வடிவத்துக்குப் புதிய நிரூபணம் தேட வேண்டும். 37 நாளில் 27 பேர் சுமார் 800 குறிப்புகள் எழுதினார்கள், மொத்தம் 1,70,000 சொற்கள். முன்னணிக் கணிதவியலாளர்கள் எழுதினார்கள், ஒரு பள்ளி ஆசிரியரும் எழுதினார். நிரூபணம் கிடைத்தது. டி.எச்.ஜே. பாலிமத் என்ற கூட்டுப்பெயரில் கட்டுரை வெளிவந்தது. அங்கே எல்லாருடைய பெயரும் வெளியே தெரிந்தது. நீண்ட நேரம் தனியே போய் யோசித்துவிட்டு வராதே, பாதி யோசனையாக இருந்தாலும் உடனே எழுது என்பதுதான் விதி. நான் மேலே எழுதியதற்கு நேர் எதிர்.

ரொம்ப நாள் இதை வைத்து யோசித்தேன். எனக்குக் கிடைத்தது இதுதான். அங்கே யாருடைய சம்பளமும் யார் கையிலும் இல்லை. கவர்ஸ் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அவரே தவறாக முடியக்கூடிய, பாதி வெந்த யோசனைகளை எல்லாருக்கும் முன்னால் எழுதினார். மேலே இருப்பவர் முடிவை எழுதினால் மற்றவர்கள் அழிக்கிறார்கள். மேலே இருப்பவர் சந்தேகத்தை எழுதினால் மற்றவர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். எங்கள் மேலாளர் அன்று 10:44-க்கு “எஸ்எம்எஸ் போதவில்லை என்று தோன்றுகிறது, ஏன் என்று எனக்குப் புரியவில்லை” என்று எழுதியிருந்தால் பச்சை வரி அங்கேயே நின்றிருக்கும் என்று நம்புகிறேன். பெயரை மறைப்பது, அந்த நிலைமை வரும்வரை பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைத்தடி. எங்களுக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

எண்ணிக்கையில் மயங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2006-இல் ஐபிஎம் நிறுவனம் இன்னோவேஷன் ஜாம் என்ற பெயரில் 104 நாடுகளிலிருந்து 1,50,000-க்கும் மேற்பட்டவர்களை இணையத்தில் கூட்டியது. 46,000-க்கும் மேல் யோசனைகள் வந்தன. அதிலிருந்து பத்துப் புதிய தொழில்முயற்சிகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் கட்டியது குறைவு என்றும், குவிந்ததைப் படித்துப் பிரித்து உருவம் கொடுக்கும் பெரும் வேலை பின்னால் நடந்தது என்றும் அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த வேலையின் எடை எனக்குத் தெரியும். 31 குறிப்புகளைப் படித்து, ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டை அடுத்தடுத்து வைத்து, யாருடைய சொல்லும் சிதையாமல் எண் போட எனக்கு அரை நாள் ஆனது. நிறுவனங்கள் கருவிக்குப் பணம் கொடுக்கின்றன. இந்த அரை நாளுக்குப் பெரும்பாலும் யாரும் இடம் ஒதுக்குவதில்லை. யோசனைப் பெட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும், திறந்து படிக்க ஆள் இருக்க மாட்டார், ஆறு மாதத்தில் போடுகிறவர்களும் நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, யாரை உள்ளே கூப்பிடுகிறோம் என்பது. மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேர் 2020-இன் முதல் ஆறு மாதத்தில் யாரோடு எப்படிப் பேசினார்கள் என்று ஓர் ஆய்வு பார்த்தது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அவரவர் குழுவுக்குள் பேச்சு இறுகியது, குழுக்களுக்கு நடுவிலான பாலங்கள் குறைந்தன. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர் வடிவமைப்பு மீட்டிங்கில் இருந்ததே எங்களுக்குத் தற்செயல். வேறொருவர் விடுப்பில் இருந்ததால் அவரை அழைத்திருந்தார்கள். வழக்கமாக அழைக்கும் எட்டுப் பேர் மட்டும் இருந்திருந்தால், அழிப்பதற்குக்கூட அந்த வரி இருந்திருக்காது. இப்போது ஒவ்வொரு கேள்விக்கும், இதை நாள் முழுக்கக் கையில் தொடுகிறவர் யார் என்று கேட்டு அவர் பெயரை முதலில் எழுதுகிறோம்.

ஒரு தட்டில் ரத்து செய்யும் இணைப்பு வெளியாகி நான்கு மாதம் ஆகிறது. நினைவூட்டலைப் பழையபடி இரண்டாக்கிவிட்டோம். காலியாகும் நேரங்களில் நிறைய, இப்போது வேறு யாருக்கோ போய்ச் சேர்கின்றன. வேலை முடிந்த பிறகு யார் எந்த எண்ணை எழுதினார்கள் என்று அவரவர் சம்மதத்தோடு ஆவணத்திலேயே பெயர்களைச் சேர்த்தோம், ஏனென்றால் மறைத்தே வைத்திருந்தால் உழைத்தவருக்குப் பேர் கிடைக்காது. மூன்றையும் சேர்த்தால் என்ன என்று கேட்டவர் மட்டும் இன்றுவரை வெளியே வரவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவரோடு ஒரே ஆவணத்தில் இருந்தேன். இப்போது நான் அந்த டீமில் மூத்தவள். திரையின் கீழே அவருடைய ஆரஞ்சு நிறக் கர்சர் அரை வரி போனது, நின்றது, எழுத்து எழுத்தாகப் பின்னால் வந்தது. திரும்ப நாலு சொல் போனது. திரும்பப் பின்னால் வந்தது. என்னுடைய கர்சர் அதற்கு இரண்டு வரி மேலே சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆவணத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அங்கே ஒரு பத்தி இருந்தது.